சலவைக்காரி ஜோக்கை எடுத்துவிடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எழுத்தாளர் சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் இன்றைய சென்னையில், செல்போனும் சிசிடிவியுமாகத் துப்பறிகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. லிஃப்ட் கதவு திறந்து, பிணத்தின் செருப்பு மட்டும் முதலில் தெரிகிறதே, அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் வசந்தை அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை முழுதாகச் சொல்ல வைத்திருக்கிறாயே, இது என்ன அநியாயம்! சுஜாதா ஒரு கதையிலாவது அவனைச் சொல்லி முடிக்க விட்டாரா? வசந்த் ஆரம்பிப்பான், கணேஷ் அதட்டுவான், அல்லது வேறு ஏதாவது குறுக்கே வரும். அவ்வளவுதான். என்னவாக இருக்கும் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. நீ எழுதியிருக்கும் ஜோக் மோசமில்லை, அப்பாகூடச் சிரித்தார். இருந்தாலும் எடுத்துவிடு.

இன்னொன்று. 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வந்தபோது கணேஷ் தனி ஆள். வசந்த் பிற்பாடுதான் வந்து சேர்ந்தான். அவன் வந்த பிறகுதான் கணேஷுக்கே ஒரு களை வந்தது என்பேன். "பாஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே காலை வாருவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. உன் கதையிலோ கணேஷ் அரைப் பக்கத்துக்குச் சட்டம் பேசுகிறான், வசந்த் தலையாட்டுகிறான். லிஃப்ட் நடுவில் நின்ற அந்த நான்கு நிமிடத்தை வசந்த் கண்டுபிடிக்கட்டும். அதுவும் ரிசப்ஷன் பெண்ணிடம் அசடு வழிந்துகொண்டிருக்கும்போது தற்செயலாக. கணேஷ் நம்பாமல் சிடுசிடுக்கட்டும்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா துப்பறியும் கதைகளையும் ஒருமுறை எடுத்துப் பார். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்துக்காகவே பையன்கள் அந்தப் புத்தகங்களை வாங்குவார்கள். எனக்கோ, இவள் ஒரு கேஸைத் தனியாக முடிக்க மாட்டாளா என்றிருக்கும். நரேந்திரன்–வைஜயந்தியை எழுதிய சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். அதனால்தானோ என்னவோ, அந்த ஜோடியின் பேச்சு அவ்வளவு இயல்பாக இருக்கும்.

இதைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்றை யோசித்துக்கொள். சுஜாதா காலமானது 2008இல். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு, அதாவது 2068 முடியும்வரை. அதற்குள் நீயே பாட்டியாகிவிடுவாய். உரிமை உள்ளவர்களிடம் அனுமதி கேள், இல்லையென்றால் உனக்கென்று ஒரு ஜோடியை உருவாக்கிக்கொள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வக்கீல்கள் இரண்டு பேரும் பெண்களாக இருந்தால்தான் என்ன? சீனியருக்கு என் வயது கொடு. முட்டிவலியும் கொடு, லிஃப்ட் கேஸுக்குப் பொருத்தமாக இருக்கும்.

கொலையாளி வாட்ச்மேன்தான் என்று அப்பா சத்தியம் செய்கிறார். அப்படியென்றால் நிச்சயம் அவன் இல்லை. நாலாவது அத்தியாயத்தை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பு, அவருக்கு முன்னால் நான் படித்தாக வேண்டும்.

அன்புடன்,
அம்மா