கண்ணு, அந்த லைன் பொண்ணுங்களுக்கு பேர் வை

கண்ணு,

ஜப்பான் காமிக்ஸ் மாதிரி நீ வரையுற கதையில, நீ அனுப்புன மூணு சாப்டரையும் படிச்சிட்டேன். வலது பக்கத்துல இருந்து படிக்கணும்மான்னு உன் தங்கச்சி சொல்லிக் குடுத்தா, பழகுன அப்புறம் கீழ வெக்கவே முடியல. அரசாங்கமே இல்லாம ஒரே கம்பெனி ஊரையே ஆளுது, தண்ணி, கரண்டு, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் அவங்களுது, கொழந்த பொறந்த அன்னிக்கே அது பேர்ல கடன் கணக்கு ஆரம்பிச்சிருது. அந்த சுடுகாட்டு ரசீது பக்கத்துல வசனமே போடாம வெறும் முகத்த மட்டும் வரைஞ்சிருக்கியே, அத திரும்பத் திரும்ப பாத்தேன். ஆனா மனசுல ஒண்ணு இருக்கு, போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சிருவ, அதான் எழுதுறேன்.

உன் கம்பெனி முதலாளி ரொம்பக் கெட்டவனா இருக்கான், வர்ற பக்கமெல்லாம் சிரிச்சிக்கிட்டே யாரையாவது கொல்றான். ஓசூர் சிப்காட்ல நான் தையல் லைன்ல இருந்தப்போ முதலாளிய கண்ணால பாத்ததே இல்ல கண்ணு, பாத்ததெல்லாம் போர்டு தான், மணிக்கு இத்தன பீஸுன்னு எழுதி வெச்சிருப்பாங்க, பாத்ரூம் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன், ஆணில அது இல்லன்னா அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும். திட்டுற சூப்பர்வைசரும் நம்ம பாலக்கோட்டு பையன் தான், நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து மொய் வெப்பான். ஆயுத பூஜைக்கு பொரி, ஸ்வீட் பாக்ஸு, தேதி தவறாம சம்பளம், அந்தக் காசுல தான் உனக்கு கலர் பென்சில் வாங்குனேன், அப்புறம் யார் மேல கோவப்படறது? அந்தக் குழப்பத்த வரை. ஜனங்க ஏன் இத்தன வருஷம் சும்மா இருந்தாங்கன்னு உன் கதையில ஒரு எடத்துலயும் வரல.

அப்புறம் கதை 2190ல நடக்குதுன்னு போட்டிருக்க. கம்பெனி ஆட்சின்னா அது இனிமே தான் வரணும்னு இல்ல, நம்ம மண்ணுல வந்துட்டுப் போனது தான். 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல திப்பு பாராமகாலை விட்டுக்குடுத்தாரு, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் அதுல சேந்தது தான், அத வாங்கிக்கிட்டது எந்த ராஜாவும் இல்ல, லண்டன்ல பங்கு வெச்சிருந்தவங்களுக்கு லாபம் பிரிச்சுக் குடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி. கேப்டன் ரீடும் அவர்கிட்ட வேலை பாத்த மன்றோவும் வந்து வயல் வயலா அளந்து, குடியானவன் பேரை எழுதி, ஆளுக்கு இவ்ளோ வரின்னு போட்டாங்க. ரயத்துவாரின்னு புஸ்தகத்துல வருமே, அது வேர் விட்டது இங்க தான். மன்றோ நல்ல ஆபிசர்னு பேர் எடுத்தவர், பின்னாடி மெட்ராஸுக்கே கவர்னர் ஆனாரு. உன் கதைக்கு அந்த மாதிரி ஒரு ஆள் வேணும் கண்ணு, நல்லவன், நேர்மையா அளக்குறவன், ஆனா அளந்து எழுதுறது கம்பெனி நோட்டுல. 1858 வரைக்கும் அந்த ஆட்சி தான் நடந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். மூணாவது சாப்டர்ல ஃபேக்டரி தீப்பிடிக்குது, லைன்ல இருந்த பொண்ணுங்க அத்தன பேரும் ஒரே கட்டத்துல செத்துப் போறாங்க, ஒருத்திக்கும் முகம் இல்ல, பேர் இல்ல, அதப் பாத்து உன் ஹீரோவுக்கு கோவம் வந்து ஒத்த ஆளா டவர் மேல ஏறுறான். எனக்கு அந்தக் கட்டம் வலிச்சுது. நான் உக்காந்திருந்த எடம் அது.

பாப்பாரப்பட்டில சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கே, ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போனாங்களே, அவர் 1925ல நம்ம ஊர்ல தான் கண்ண மூடுனாரு. ஜெயில்ல தொழுநோய் வந்து, அந்த ஒடம்போட ரயில்ல ஏறக்கூடாதுன்னு சொல்லி, ஊர் ஊரா நடந்த மனுஷன். ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, 1908 பிப்ரவரில தூத்துக்குடி கோரல் மில்லு வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் அவரும் தான் பேசிப் பேசி தைரியம் குடுத்தாங்க. ஆனா மெஷின் நின்னது பேச்சால மட்டும் இல்ல, உள்ள இருந்தவங்க எல்லாரும் ஒண்ணா கைய எடுத்ததால. வெள்ளக்காரன் பக்கம் பேசுனவருக்கு சவரம் பண்ண மாட்டேன்னு நாவிதர் ஒருத்தர் பாதியில எந்திரிச்சுப் போனாருன்னு கூட சொல்வாங்க, அது எவ்ளோ அழகான ஒரு பக்கம் ஆகும் பாரு! கடைசில கூலி ஏத்திக் குடுத்து, வேலை நேரத்த கொறைச்சு, ஞாயித்துக்கிழமை லீவும் விட்டாங்க. சிவாவையும் வ.உ.சி.யையும் அடுத்த சில நாள்லயே புடிச்சு உள்ள போட்டாங்க, அதையும் சேத்து தான் சொல்லணும்.

அதனால அந்தப் பொண்ணுங்கள சாகடிக்காத. பேர் வை, ஒருத்தி மெஷின நிறுத்தட்டும், பக்கத்துல இருக்கறவ அவளப் பாக்கட்டும், பயத்துல கை நடுங்கட்டும், அதுக்கே பத்து பக்கம் எடுத்துக்கோ. உன் ஹீரோ டவர் ஏறட்டும், நான் வேணாம்னு சொல்லல, ஆனா அவன் ஏறும்போது கீழ லைன் நின்னிருக்கணும்.

லைன் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதது நிறைய இருக்கு. ஊசி ஒடஞ்சா துண்டு துண்டா தேடி எடுத்து, டேப்ல ஒட்டி, ரெஜிஸ்டர்ல கணக்கு காட்டுனா தான் வேற ஊசி தருவாங்க, ஒரு துண்டு கெடைக்கலன்னா அந்த மெஷின சுத்தி எல்லாரும் தரையில தேடணும். நாலாவது சாப்டருக்கு மொதல்ல பென்சில்ல கட்டம் போட்டுப் பாப்பேன்னு சொன்னியே, அத அப்படியே அனுப்பு, எங்க தப்பா இருக்குன்னு நான் குறிச்சு அனுப்புறேன்.

அம்மா