சிவப்பைத் தொடாதே, மக்கா

வடசேரி,
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் படங்களும் நேற்று கிடைத்தன. குளச்சலில் ஒரு டாங்கி காங் மெஷின், காசு போட்டு ஆடுகிற அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டி, வந்து இறங்கியிருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே கும்பப்பூ நடவு முடிந்து மழையும் பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் சுகம். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கடைசி வரிக்கு உடனே பதில் போட வேண்டியிருக்கிறது. "யாரோ சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கெடுத்திருக்கிறார்கள், சுரண்டிவிட்டு நீலம் அடிக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். தின்னர் டப்பாவைத் திறக்காதே. அந்தச் சிவப்பு கம்பெனியில் இருந்தே வந்ததாக இருக்கலாம்.

டாங்கி காங் என்றால் நீலப் பெட்டிதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அதற்கு முந்திய வருஷம், 1980-ல், அதைச் செய்த ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ ரேடார் ஸ்கோப் என்று ஒரு விளையாட்டு இறக்கியது. அமெரிக்காவுக்கு வரவழைத்த 3,000 மெஷின்களில் சுமார் 2,000 விற்காமல் தேங்கிவிட்டன. அந்தச் சரக்கை மாற்றி விற்பதற்காகவே 1981-ல் டாங்கி காங்கைச் செய்தார்கள். அமெரிக்காவில் முதலில் விற்ற டாங்கி காங்குகள் இப்படி உள்ளே மாற்றப்பட்ட ரேடார் ஸ்கோப் பெட்டிகள்தான், நிறமும் சிவப்பு. இந்த மாற்றத்தைப் போய் நீக்கினால் நீ அழிப்பது அசலையே.

சிவப்பு கம்பெனியுடையதா பிறகு அடித்ததா என்று கண்டுபிடிக்கத் தூரிகை போகாத இடங்களைப் பார். காசுக் கதவைக் கழற்றி, அதன் சட்டம் மரத்தில் பதியும் விளிம்பைப் பார். பலகை ஓரத்தில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையை, அதாவது டி-மோல்டிங்கை, ஒரு சாண் நீளத்துக்குப் பைய உரித்து, அதன் உதட்டுக்கு அடியில் பார். கன்ட்ரோல் பேனலைத் தூக்கி, அது உட்காரும் மரத்தைப் பார். அங்கெல்லாம் சிவப்பு ஒரே சீராக ஓடியிருந்தால் கம்பெனி நிறம். சிவப்பு சட்டத்தின் ஓரத்தோடு நின்று உள்ளே நீலம் தெரிந்தாலோ, திருகுகளின் தலைப்பள்ளத்தில் பெயிண்ட் அடைத்திருந்தாலோ, பிறகு அடித்தது. இன்னொரு சோதனையும் உண்டு. இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கப் பலகையோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக ஓடவிடு. அடியில் பழைய ஸ்டிக்கர் இருந்தால் அதன் விளிம்பு மயிரிழை மேடாக எழும்பித் தெரியும். பகல் வெளிச்சத்தில் எத்தனை நேரம் பார்த்தாலும் அது கண்ணில் படாது.

இனி உள்ளே. நீ அனுப்பிய படங்களில் குறைந்தது மூன்று பேர் கை தெரிகிறது. கம்பெனி போட்ட ஒயர்கள் ஒரே தடிமனாக, கட்டுக் கட்டாகச் சேர்த்து, முனையில் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பொருத்திய) பின்னோடு போகும். நடுவே வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பது இரண்டாவது கை. 56 முனை எட்ஜ் கனெக்டர் ஒன்று தொங்குகிறதே, பக்கத்துக்கு 28 முனையாக, அது ஜம்மா, எந்த விளையாட்டின் சர்க்யூட் போர்டையும் ஒரே மாதிரி செருகுவதற்கான இணைப்பு முறை. அந்த ஒழுங்குமுறை 1985-ல்தான் வந்தது. அதனால் 1981 மெஷினில் ஜம்மா இருந்தால், அதற்குப் போகிற ஒவ்வொரு இணைப்பும் பின்னால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம். அதில் செருகியிருக்கும் அறுபது விளையாட்டுப் போர்டு இன்னும் பிந்தியது. கடைசியில் வந்ததை முதலில் கழற்று. அப்படியே பின்னோக்கிப் போ. கழற்றுகிற ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வை, எதையும் களைஞ்சிடாதே. சில நேரம் உனக்கு வேண்டிய அசல் பின், மாற்றியவன் வெட்டி உள்ளே விட்டுப்போன துண்டு ஒயரின் முனையில்தான் இருக்கும்.

ஆனால் எதற்கும் முந்தி கரண்ட். இது 117 வோல்ட்டுக்குச் செய்த மெஷின். நம் லைன் 230. வெளியே வைத்திருக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி ஆட்டோ டிரான்ஸ்பார்மராகத்தான் இருக்கும். அது வோல்ட்டைக் குறைக்கும், லைனில் இருந்து பிரித்துவைக்காது. பிரிக்கிற வேலை உள்ளே இருக்கும் நிண்டெண்டோ டிரான்ஸ்பார்மருடையது. அதுதான் மானிட்டருக்கு 100 வோல்ட் கொடுக்கிறது. 'வெளியேதான் ஒன்று இருக்கிறதே' என்று யாராவது அதைக் கழற்றியிருந்தால் மானிட்டர் சேசிஸ் (அதன் உள் சர்க்யூட்டும் சட்டமும்) நேராக லைனோடு சேர்ந்திருக்கும். தொட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் சுவிட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்து, மல்டிமீட்டரை ஓமில் வை. ஒரு முனை சேசிஸ் கிரவுண்டில், மறுமுனை பிளக்கின் இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி. இரண்டிலும் 'திறந்த சுற்று' காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் அதைச் சரிசெய்யும்வரை கரண்ட் கொடுக்காதே. பிளக்கின் தடித்த எர்த் காலுக்கும் கன்ட்ரோல் பேனல் தகரத்துக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். குளச்சல் உப்புக்காற்றில் எர்த் திருகுதான் முதலில் துருப்பிடிக்கும். பியூஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார். கம்பி சுற்றிய பியூஸ் இருந்தால், அதைச் சுற்றவைத்த பழுது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய பவர் சப்ளைக்குப் பதிலாக எஸ்.எம்.பி.எஸ். என்கிற புது வகை சப்ளை போட்டிருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதிய கணக்கில் விஷயம் இருக்கிறது: சப்ளையில் 5.3 வோல்ட், போர்டில் 4.7. நடுவே 0.6 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. இடைவழிக் கனெக்டர் ஒன்றில் களிம்பு ஏறி 0.1 ஓம் தடை வந்தாலே, 3 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.3 வோல்ட் போய்விடும், 0.9 வாட் சூடு அந்த ஒரு சின்னப் பின்னில் இறங்கும். அதனால்தான் உன் படத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருக்கிறது. முந்தி பார்த்தவர் போர்டுக்கு வோல்ட் போதவில்லை என்று சப்ளையின் திருகைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நீ கருகிய பின்களையும் கூட்டையும் மாற்று, +5-க்கும் கிரவுண்டுக்கும் 18 கேஜ் ஒயர் போடு, பிறகு திருகைக் குறைத்து, போர்டு ஓடும்போது போர்டின் மேலேயே அளந்து 5.00-க்கும் 5.05-க்கும் நடுவில் நிறுத்து.

ஒயரை ஒட்டும்போது ஒன்றைக் கவனி. டேப்பை உரித்ததும் செம்பு பளபளவென்று இருக்காது, கருத்திருக்கும். அதில் சால்டர் பிடிக்காது. உருண்டை உருண்டையாக நழுவி விழும். சால்டர் பேஸ்டை அப்பிச் சரிக்கட்டப் பார்க்காதே. வெளிச்சமான செம்பு வருகிறவரை வெட்டிக்கொண்டே போ, குறைகிற நீளத்துக்குப் புது ஒயர் சேர். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு முண்டு மாதிரி வீங்கி, கதவு மூடும்போது நசுங்கும். ஒன்றுக்கொன்று 3 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு.

மானிட்டர் விஷயத்தில் உனக்கு அதிர்ஷ்டம். சேசிஸில் தெரியும் எழுத்து சான்யோ 20-ஈஇஸட், அசல் அதுதான். நிண்டெண்டோ இதற்குத் தலைகீழ் வீடியோ கொடுத்தது: மற்ற மானிட்டரில் வெளிச்சமாக வருவது இதில் இருட்டு. ஜம்மா போர்டை நேராகக் கொடுத்தால் போட்டோ நெகட்டிவ் மாதிரி படம் வரும். நடுவே ஒட்டியிருக்கும் சின்னப் பச்சைப் போர்டு அதைத் திருப்புவதற்கான இன்வெர்ட்டர். அசல் டாங்கி காங் போர்டு திரும்பி வரும்போது இன்வெர்ட்டர் போக வேண்டும்; விட்டுவைத்தால் மறுபடி நெகட்டிவ்தான் வரும், போர்டு கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவாய். அதோடு சத்தம். நிண்டெண்டோ ஆம்பிளிபயரை மானிட்டரிலேயே வைத்திருக்கிறது. ஜம்மா போட்டவர் ஸ்பீக்கரை அங்கிருந்து பிடுங்கி ஜம்மாவின் பத்தாவது முனைகளுக்குக் கொடுத்திருப்பார். அதையும் திருப்பிக் கொடுக்காவிட்டால் எல்லாம் ஓடும், சத்தம் மட்டும் வராது. பிக்சர் டியூப் பக்கம் கை வைக்கும் முன், சேசிஸ் பிரேமோடு கிளிப் ஒயரில் இணைத்த ஸ்க்ரூடிரைவரை டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் ஆனோட் தொப்பிக்கு அடியில் செலுத்திச் சார்ஜை இறக்கு. மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கன்ட்ரோல் பேனலில் அசலாக இருப்பது ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு குதிக்கும் பட்டன், இரண்டு ஸ்டார்ட் பட்டன். மீதித் துளைகள் எல்லாம் பிறகு போட்டவை. ஸ்டிக்கையும் மாற்றியிருப்பார்கள். அதை மூலைக்குத் தள்ளிப் பார். போகிறது என்றால் அது எட்டுத் திசை. டாங்கி காங்குக்கு நாலு திசைதான். எட்டுத் திசையில் ஏணியடிக்கு வரும்போது கை கொஞ்சம் சரிந்தாலும் மேலும் பக்கமும் ஒன்றாக அழுந்தும், ஆள் ஏணியில் ஏறாமல் தயங்குவான். சில ஸ்டிக்குகளின் அடியில் இருக்கும் தகட்டைத் திருப்பிப் போட்டாலே நாலு திசையாகும். புதிது வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்.

துளைகளை மெட்டல் பேஸ்ட் மட்டும் வைத்து அடைக்காதே, ஆறு மாதத்தில் வட்டமாக விரிசல் விடும். தகரத்தின் தடிமனை அளந்து, அதே தடிமனில் 28 மில்லிமீட்டர் வட்டுகளை மார்த்தாண்டத்தில் ஏதாவது லேத்துப் பட்டறையில் வெட்டி வாங்கு. துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும். நாலு புள்ளியில் மட்டும் வெல்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு ஈரத்துணி. ஒரேயடியாகச் சுற்றி வெல்டு வைத்தால் பேனல் அப்பளமாக வளையும், பிறகு ஸ்டிக்கர் ஒட்டாது. அரைத்துச் சமன் செய்த பிறகு மெல்லிய ஒரு பூச்சு பேஸ்ட் போதும்.

அடிப்பலகையை யாரோ அயனி மரத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதை விட்டுவிடு என்பேன். துகள் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பெட்டி இன்று வரை நிற்பதற்கு அந்த அயனிதான் காரணம்; செய்தவன் வேலை கொள்ளாம். பக்கப் பலகையில் துண்டு வைக்க வேண்டி வந்தால் மட்டும் 19 மில்லிமீட்டர் மரைன் பிளை கேட்டு வாங்கு. 18 போட்டால் டி-மோல்டிங்கின் உதடு ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும், போகிற வருகிற துணியெல்லாம் அதில் மாட்டும்.

போர்டில் ஜம்பர் கம்பிகள் (இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் துண்டு ஒயர்கள்) தெரிகின்றன என்றாயே, அவற்றைத் தொடாதே. கம்பெனியே போட்ட ஜம்பர்கள் அந்தக் காலத்துப் போர்டுகளில் சாதாரணம், உன்னுடையது ரேடார் ஸ்கோப்பில் இருந்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

காசுக் கதவுச் சட்டத்துக்கு அடியில் என்ன நிறம் என்பதை மட்டும் நாளைக்கே எழுது. மழை கொஞ்சம் விட்டால் ஞாயிறு காலை மீட்டரோடு குளச்சல் வருகிறேன். அதுவரை பிளக்கைச் செருகாதே.

அன்புடன்,
ஜெபா