கல் நட்டுப் போனவர்கள் திரும்பி வருவதற்குள்

ஷ்வைன்ஃபுர்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிழக்குத் தோப்பில் சர்வேக்காரர்கள் கல் நட்டுவிட்டுப் போனார்கள் என்றும், பெரிய டவர் லைன் ஒன்று அந்த வழியாகத்தான் போகப் போகிறது என்று கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி வரைக்கும் பேச்சாக இருக்கிறது என்றும் தம்பி ஃபோனில் சொன்னான். நான் பார்க்கும் வேலையும் இதுதானே, என்ன செய்வது என்று விவரமாக எழுதச் சொல் என்று நீங்கள் கேட்டதையும் சொன்னான். ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்; அது தெரிந்தால்தான் பின்னால் சொல்லும் யோசனைகளுக்குக் காரணம் புரியும். இந்த நாட்டில் காற்றாலைகள் பெரும்பாலும் வடக்கே கடலோரத்தில் இருக்கின்றன, மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும் தொழிற்சாலைகளோ தெற்கில் நிறைய இருக்கின்றன. அணு உலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, மிச்சமிருந்த மூன்றையும் 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். நான் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில், கிராஃபென்ரைன்ஃபெல்ட் என்ற இடத்தில் இருந்த உலை 2015இலேயே நின்றுபோனது. 143 மீட்டர் உயரமிருந்த அதன் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களையும் 2024 ஆகஸ்டில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். வடக்கின் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதற்காக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்படும் நேர்மின்னோட்ட (டி.சி.) வழிக்கு சூட்லிங்க் என்று பெயர். 525 கிலோவோல்ட்டில் இரண்டு இணைப்புகள், மொத்தம் 4,000 மெகாவாட். அதன் ஒரு முனை, சாய்க்கப்பட்ட அந்தக் கோபுரங்களுக்கு அருகிலுள்ள பெர்க்ரைன்ஃபெல்டில் வந்து முடிகிறது. 2021இல் திறந்த புகளூர்–திருச்சூர் வழியும் இதே இனம்தான், 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். அது கம்பியாக வந்து, நம் பாலக்காடு ஜில்லாவின் வடக்கஞ்சேரியில் மண்ணுக்குள் இறங்கி, திருச்சூருக்குப் பக்கத்திலுள்ள மாடக்கத்தரை வரை கேபிளாகப் போகிறது. இங்கே ஏறக்குறைய முழு நீளமும் மண்ணுக்கடியில்தான்.

தொடக்கத்தில் இதையும் டவர் லைனாகத்தான் நினைத்தார்கள். ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. அதனால் 2015இல் இத்தகைய நேர்மின்னோட்ட வழிகளுக்கு நிலத்தடிக் கேபிளுக்கே முன்னுரிமை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை வரைந்த வரைபடங்களில் பெரும்பகுதி வீணாகி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. 2022இல் முடிய வேண்டிய வேலை இப்போது 2028 இறுதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. இங்குள்ளவர்கள் செய்வதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் சிலர், டவர் போட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், மின்சாரமும் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று இன்றும் முணுமுணுக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. கிணறு வெட்ட நினைக்கிறவர் எந்த வயல் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு இடம் பார்ப்பதைப் போல, முதல் கட்டத்தில் ஆயிரம் மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையை மட்டும் தீர்மானிக்கிறார்கள். அதுவும் ஒரே பட்டை அல்ல. மாற்று வழிகள் பலவற்றை வரைந்து, குடிநீர்ப் பாதுகாப்புப் பகுதி, காடு, குடியிருப்பு, மண்ணுக்குள் இருக்கும் பழைய புதைபொருள்கள், உலகப் போர்க் காலத்தில் வெடிக்காமல் புதைந்த குண்டுகள் என்று ஒவ்வொன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். மக்கள் எழுத்தில் தரும் ஆட்சேபங்களைப் பதிவு செய்து, நேரில் கூட்டிப் பேசுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில்தான் அந்தப் பட்டைக்குள் கேபிள் எந்த வரப்பை ஒட்டிப் போகும் என்ற கோடு விழுகிறது. நான் வந்து சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை, இந்த மாற்று வழிகளை ஒப்பிட்டு அட்டவணை போடுவது. வரைபடத்தில் நேராகப் போக வேண்டிய கோடு ஏன் வளைகிறது என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு வளைவுக்கும் எழுத்தில் ஒரு காரணம் காட்ட வேண்டும்.

இப்போது களத்தில் மேற்பார்வை. உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பகுதி இதுதான். கேபிளுக்காகக் குழி தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகவும், அதற்கடுத்த மண்ணைத் தனியாகவும் எடுத்து, வேறு வேறு குவியலாகப் போட வேண்டும். மேல்மண் குவியல் இரண்டு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் அடியிலுள்ள மண் இறுகி, காற்றில்லாமல் கெட்டுவிடும். மழை பெய்து மண் சொதசொதவென்று இருந்தால் இயந்திரங்கள் வயலில் இறங்கக் கூடாது. ஈரத்தில் ஏறிய கனரக வண்டி மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு அமுக்கிவிடும் என்பது, டிராக்டர் ஓட்டிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணைக் கவனிப்பதற்கென்றே நிபுணர் ஒருவர் எங்களோடு வருகிறார், இன்று வேலை வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு முகம் சுருங்கும். அதைச் சமாளிப்பது என் பொறுப்பு. மூடும்போது எடுத்த வரிசைக்கு நேர்மாறாக மண் திரும்பிப் போகிறது.

இங்கே ஈரம் அதிகம் தங்கும் வயல்களில், தண்ணீர் வடிவதற்காகப் பாட்டன் காலத்திலேயே மண்ணுக்கடியில் குழாய்கள் புதைத்திருக்கிறார்கள். அவற்றில் பல எந்த அரசு வரைபடத்திலும் இல்லை. வயதான விவசாயி ஒருவர் தன் வயலின் குழாய்கள் அத்தனையையும் பழைய காகிதம் ஒன்றில் கையால் வரைந்து வைத்திருந்தார். அந்தக் காகிதத்தை எங்கள் கணினி வரைபடத்தில் ஏற்றியபின், வெட்டிய ஒவ்வொரு குழாயையும் எங்கே இணைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. வரையாத பக்கத்து வயலில் எத்தனை குழாய் அறுந்தது என்பதே ஒரு சண்டையாக இன்னும் இருக்கிறது.

இன்னொன்றைக் கேட்டால் அம்மா சிரிப்பார். வயலில் வளை தோண்டி வாழும் ஹாம்ஸ்டர் என்ற ஒரு வகை எலி இந்த வட்டாரத்தில் அழியும் நிலையில் இருக்கிறது. தோண்டுவதற்கு முன் அதன் வளைகளைத் தேடிப் பார்ப்பதும் வேலையில் சேர்த்தி. மரம் வெட்டுவதற்கும் மார்ச் முதல் செப்டம்பர் வரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்று தடை உண்டு. நாங்கள் போடும் கால அட்டவணையில் பாதி எலிக்கும் பறவைக்கும் ஏற்ப வளைந்ததுதான்.

விவசாயிக்கு நிலம் போவதில்லை; கேபிள் போகும் பட்டையின் சந்தை மதிப்பில் 35 சதவீதமும், விரைந்து கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும், பயிர் சேதத்துக்குத் தனியாகவும் கொடுக்கிறார்கள். அந்த உரிமை நிலப் பதிவேட்டில் ஏறிவிடும். பட்டையின் மேல் கோதுமை விதைக்கலாம், ஆழமாக வேர் விடும் மரமும் கட்டடமும் கூடாது. கேபிளின் சூட்டில் மண் காய்ந்துவிடும் என்ற பயம் இங்குள்ளவர்களுக்கு இன்னும் போகவில்லை.

இனி நம் தோப்பு விஷயம். அது எத்தனை கிலோவோல்ட் லைன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 220 என்றால் வழித்தட அகலம் 35 மீட்டர், 400 என்றால் 46 மீட்டர். அந்த அகலத்துக்குள் தென்னை நிற்க விடமாட்டார்கள். நிலக்கடலை, காய்கறி போன்ற தாழ்ந்த பயிர்களுக்குத் தடை இருக்காது.

அடுத்து, நட்டிருப்பது எந்தக் கல் என்று கேளுங்கள். லைன் திசை திரும்பும் இடத்தில் முதலில் கோணப் புள்ளிகளைக் குறிப்பார்கள்; இரண்டு கோணங்களுக்கு நடுவில் நேராக நிற்கும் டவர்களை அதன்பிறகுதான் இடம் பிரிப்பார்கள். கோண டவர் கனமானது, செலவும் அதிகம். அதை நகர்த்தினால் இரண்டு பக்கத்து லைனும் நகர்ந்து அடுத்தவர் தோப்பில் போய் விழும். அதற்குச் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள். நடுவில் வரும் டவரை அதே கோட்டில் சில மீட்டர் முன்னோ பின்னோ நகர்த்துவது அவ்வளவு கஷ்டமல்ல. 400 கிலோவோல்ட்டில் டவருக்கும் டவருக்கும் இடைவெளி ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும். ஆகவே நடுத் தோப்பில் வருவதை வரப்போரத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன்பாக மட்டுமே அது நடக்கும்.

முடியாது என்று சொல்லிக் கல்லைப் பிடுங்கிப் போட்டால் நின்றுவிடும் என்று ஊரில் சிலர் சொல்வதாகத் தம்பி சொன்னான். நிற்காது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் வழியாக இந்த லைன்களுக்குக் கொடுக்க முடியும். அப்படிக் கொடுத்திருந்தால், நாம் தடுத்தாலும் கலெக்டர் உத்தரவு போட்டு வேலையை நடத்தலாம். வாளையாருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எரிவாயுக் குழாய்க்கு எதிராக 2013இல் விவசாயிகள் அத்தனை உறுதியாகப் போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் தீர்ப்பு குழாய்க்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் அதே தந்திச் சட்டம், சேதத்தை இயன்ற அளவு குறைக்க வேண்டும், ஆன சேதத்துக்கு முழு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தொகையில் தகராறு என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். நம் பிடி அங்கேதான் இருக்கிறது.

தொகையைப் பொறுத்தவரை, மத்திய மின் அமைச்சகம் 2015இல் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அவற்றை 200 என்றும் 30 என்றும் உயர்த்தியது. இவை மாநிலம் ஏற்று நடத்த வேண்டிய வழிகாட்டுதல்கள். எனவே எந்த உத்தரவின்படி தருகிறீர்கள், உத்தரவின் எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மரத்துக்கான தொகை இதற்குப் புறம்பு.

காகிதம் மலையாளத்தில் இருந்தால், கோபாலபுரத்து வாத்தியாரிடம் காட்டி முழுவதும் புரிந்த பிறகே கையெழுத்து. கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் கொடுத்திருக்கிறது.

இந்த வாரமே தம்பியை விட்டு ஒவ்வொரு தென்னைக்கும் பெயிண்டில் எண் போடச் சொல்லுங்கள். காய்ப்பது எது, இளங்கன்று எது என்று நோட்டில் எழுதி, தேதியோடு படம் எடுத்து வைக்கட்டும். போர்வெல்லிலிருந்து போகும் குழாயும் சொட்டுநீர்க் குழாயும் எந்த வழியாக ஓடுகின்றன என்பதை நீங்களே வரைந்து கொடுங்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது முழுதாகத் தெரியாது. நிலத்தின் ஆதாரப் பத்திரம், நிலவரி ரசீது இவற்றின் நகலையும், கல் நட்ட இடத்தின் படத்தையும், அவர்கள் ஏதாவது நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதன் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனுவை நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்