பாலைவனம் பார்க்க 750 ரூபாய்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு விண்ணப்பம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ராஜஸ்தானில் உள்ள ஜெய்சால்மருக்குச் சுற்றுலா போக வேண்டுமாம். தார் பாலைவனப் பாடம் நடத்தியதிலிருந்தே வகுப்பில் இந்தப் பேச்சுதான். அடியில் ஒருத்தி தனியாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: "டீச்சர், எங்களுக்கு மழை தெரியும், மேகம் தெரியும். மணல்ல நடந்ததே இல்ல."

அதைப் படித்த பிறகு வெறுமனே "முடியாது" என்று எழுதித் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. விசாரித்துப் பார்த்தேன். நம் கொடைக்கானல் மலையிலிருந்து ஜெய்சால்மருக்கு ரயிலில் போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் பிள்ளைக்கு 14,000 ரூபாய் என்றார். சாப்பாடு தனியாம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் என்ன ஆவது? காப்பி விற்ற காசு மார்கழி, தையில்தான் கைக்கு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் அது பார்க்க வேண்டிய ஊர்தான். 1156-ல் ராவல் ஜெய்சால் என்ற அரசர் உருவாக்கிய நகரம். அதன் மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, துணி காய்கிறது, கடை நடக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. கொடைக்கானலில் சுமார் 1,600 பெய்கிறது. ஜெய்சால்மரில் பெய்த அந்தக் கொஞ்சத்தையும் கடிசர் ஏரியில் தேக்கி வைத்துத்தான் பல தலைமுறையாக ஊரே குடித்தது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் ஒருநாள் அங்கே போகட்டும்.

இப்போதைக்கு வேறொன்று யோசித்திருக்கிறோம். சனி, ஞாயிறு இரண்டே நாளில், நம் கைக்கு எட்டும் செலவில், தமிழ்நாட்டுக்குள்ளேயே மணல்மேடு பார்க்கலாம். திருச்செந்தூர் பக்கம் இருக்கும் தேரிக்காடுதான் அது. ஜூலை 25, 26 என்று நாள் குறித்திருக்கிறோம்.

"அது பாலைவனமா டீச்சர்?" என்று விண்ணப்பக் கோஷ்டி முகத்தைச் சுளித்தது. நேர்மையாகச் சொன்னால், இல்லை. அங்கே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது, பனை நிற்கிறது, முந்திரி நிற்கிறது. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ரத்தச் சிவப்பாக மணல், அதுவும் காற்றில் இடம் மாறும் மணல். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லியதாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. இந்த மணலைக் கொண்டுவந்து கொட்டியது யார் என்பதில்தான் பாடமே இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. அப்புறம் ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள் வழியாக வறண்ட காற்றாகப் பாய்ந்து, சமவெளியின் செம்மண்ணை அள்ளிக் கடலோரம் வரை தள்ளிக்கொண்டு போகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று நாம் சும்மா சொல்வதை, ஆடி மாதத்திலேயே போய் நின்று பார்த்தால் பிள்ளைகளுக்குப் புரியும். குளிர்காலத்தில் போனால் வெயில் குறைவுதான், ஆனால் மணல் அசையாது. அதனால்தான் இந்த மாதம்.

தேரிக்குள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. பெயரிலேயே சுனை இருக்கிறது பாருங்கள். பெய்யும் மழையை மணல் உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்கிறது, தாழ்வான இடத்தில் அது ஊற்றாகிறது. திருச்செந்தூர்க் கடற்கரையில் உள்ள நாழிக்கிணற்றையும் பார்ப்போம். கூப்பிடு தூரத்தில் கடல், கிணற்றிலோ உப்புக் கரிக்காத தண்ணீர். இரண்டு இடத்திலும் நாங்கள் காட்டப்போவது தண்ணீரை. சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம், எந்தப் பிள்ளையையும் கோயிலுக்குள் வரச் சொல்லி வற்புறுத்த மாட்டோம். பக்கத்துக் கடலோர ஊரான மணப்பாட்டையும் சேர்க்கலாமே என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஆசைதான், நேரம் இல்லை.

பயணம் இப்படி. சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்தில் பழனி. அங்கிருந்து பாலக்காடு – திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ். திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகச் சாயங்காலத்துக்குள் கடலோரம் இறங்கிவிடலாம். ரயிலே ஏறாத பிள்ளைகள் நம் பள்ளியில் பதினொரு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதுவே பாதிச் சுற்றுலா. இரவு அங்குள்ள ஒரு பள்ளியின் வகுப்பறைகளில் தங்கல். மாணவிகளுக்குத் தனி அறைகள், ஆசிரியைகள் மூன்று பேர் அங்கேயே படுப்போம், நானும் உண்டு. ஞாயிறு சூரியன் கிளம்பும்போது தேரியில் இருப்போம், மணல் சுடுவதற்குள் திரும்பிவிடுவோம். மதிய ரயிலைப் பிடித்து இரவு பழனி. மலை ஏறி வீடு சேரப் பத்தரை, பதினொன்று ஆகும். சாலையில் காட்டுமாடு நின்றால் இன்னும் தாமதமாகும், பதற வேண்டாம். திங்கட்கிழமை காலை அவர்கள் தாமதமாக வரலாம்.

இனி கணக்கு. ஊரகப் பகுதி அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை தருகிறது. அதனால் போக வர ரயில் செலவு 60 ரூபாய்தான். மலைப் பேருந்துக்கு 320, தேரிக்குப் போகும் வேனுக்கு 90, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 250, மருந்து, சில்லறைச் செலவுக்கு 30. ஆக மொத்தம் 750 ரூபாய். தங்க இடம் இலவசம். இரண்டு தவணையாகக் கட்டலாம். அதுவும் முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் நேரில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பணத்துக்காக யாரும் வீட்டில் இருக்கப் போவதில்லை. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அது வந்த பிறகே பணம் வாங்குவோம்.

கைச்செலவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். போன வருடம் ஒரு மாணவன் 800 ரூபாய்க்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி, மலை ஏறுவதற்குள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உடன்குடிக் கருப்பட்டி வாங்கட்டும். நம் மலைப்பூண்டு போல அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. பதநீர்ப் பருவம் முடிகிற நேரம் இது, கிடைத்தால் குடிக்க வைக்கிறோம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மட்டும் வீட்டுச் சோறு கட்டிக் கொடுங்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு தாங்கும். தயிர்ச்சோறு வேண்டாம், கீழ்நாட்டு வெயிலில் மதுரை தாண்டுவதற்குள் புளித்துவிடும். ஸ்வெட்டர் பழனி வரைக்கும்தான். அதற்குப் பிறகு தேவைப்படுவது பருத்தித் துணி, முகத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில், போர்வை. செருப்பு போதாது, சாக்ஸுடன் கேன்வாஸ் ஷூ வேண்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அங்கே காற்றோடு மணல் பறக்கும். வாந்தி மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் பிள்ளைகள் வாந்தி எடுப்பதில்லை, கீழேயிருந்து வரும் ஆசிரியர்கள்தான் எடுப்பார்கள்.

கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீச்சல் தெரியும், அருவியில் குளித்துப் பழக்கம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அருவி வேறு, அலை வேறு. கணுக்கால் அளவுக்கு மேல் யாரையும் இறங்க விடமாட்டோம். வீட்டிலும் இதைச் சொல்லி அனுப்புங்கள். மீறுகிறவர் ஞாயிறு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஒப்புதல் சீட்டில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் கையெழுத்திட்டு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் நேரில் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பாதீர்கள். தேரி மண் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது.