பீப்பாயை ஏற்றிவிடாதே

நுவரெலியா
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் எங்களுக்கும் நிம்மதி. மரக்கறி லொறி திருகோணமலையிலிருந்து வெறுமனே திரும்பும்போது என் கடல்மீன் தொட்டிக்கு ஒரு பீப்பாய் கடல்தண்ணீரும் ஒரு சாக்கு முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) ஏற்றிவிடவா என்று கேட்டிருக்கிறாய். ஏற்றிவிடாதே சாமி! கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். தெற்கே சுண்ணாம்புச் சூளைக்கென்று அள்ளி அள்ளியே கரை அரித்துப்போன கதை உனக்குத் தெரியும்தானே. கொழும்பில் காய்ந்த துளைக்கல் வாங்கிவிட்டேன். தண்ணீரையும் இங்கேயே கலக்கிக்கொள்கிறேன். லீட்டருக்கு 35 கிராம், 200 லீட்டருக்கு 7 கிலோ. கறி உப்பு இல்லை, இந்தத் தொட்டிகளுக்கென்றே கல்சியம், மக்னீசியம் சேர்த்து விற்கிற உப்பு.

பீலித் தண்ணீரை நேரே ஊற்றினால் என்ன என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். குடிக்க அமிர்தம்தான். ஆனால் தேயிலை மலையைக் கடந்தல்லவா வருகிறது. உரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கொழுந்தில் கொப்புளம் விழுகிற நோய்க்குச் செப்பு மருந்து அடிப்பார்களே, நம் அப்பாக்கள் முதுகில் டாங்கி சுமந்து அடித்தது, அந்தச் செப்பு மனுசனுக்கு ஒன்றும் செய்யாத அளவில் இருந்தாலே இறாலும் முருகையும் தாங்காது. அதனால்தான் தண்ணீரில் கரைந்திருப்பதையும் பிரித்தெடுக்கிற ஆர்.ஓ. வடிகட்டி. அதுவும் குளிர்த் தண்ணீரில் சோம்பேறி. இரவெல்லாம் ஓடி இரண்டு வாளி தரும். கழிவாகப் போவது அதைப்போல மூன்று மடங்கு. உன் தங்கச்சி அதை லீக்ஸ் பாத்திக்குத் திருப்பிவிட்டாள்.

அப்புறம் சம்ப். பெரிய தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேலே வழிகிற தண்ணீர் குழாயில் தானாக இறங்கித் துணிப்பைக்குள் விழும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கிற ஸ்கிம்மரையும் ஹீட்டரையும் கடந்து பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். முப்பது வருசமாக மோட்டர் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றிருந்தேன். முதல் வாரமே இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பம்ப் நின்றதும், மேலே ஏற்றுகிற குழாயே தண்ணீரைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. சம்ப் நிரம்பி, அலமாரி வழிந்து, பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் அடி நனைந்து... விடிந்து பார்த்தால் சீமெந்துத் தரையெல்லாம் உப்புக் கோலம். தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அரிசியிலேயே சோறு ஆக்கிப் போட்டாள், உப்புப் போடாமல்.

இப்போது அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னத் துளை போட்டிருக்கிறேன். மட்டம் ஒரு அங்குலம் இறங்கினதும் துளையில் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். சம்பையும் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. ஒருவழி வால்வு போடச் சொன்னார்கள். பாசி படிந்தால் அது ஒருநாள் மூடாமல் நிற்கும், எனக்கு நம்பிக்கையில்லை. துளையும் அடைக்கும்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. வாரம் ஒருதடவை பழைய பல் பிரஷ்ஷால் ஒரு தேய்.

கல்தான் அசல் வடிகட்டி என்பது எனக்கே பிந்தித்தான் விளங்கியது. அதன் துளைகளில் குடியேறுகிற கிருமிகள், கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்க வேண்டும். ஏழு வாரம் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியன் தினமும் வந்து, "மாமா, மீன் எங்கே?" என்பான்.

இப்போது இரண்டு கோமாளி மீன் இருக்கிறது. ஆனால் நீ பார்க்க வேண்டியது ஸ்கிம்மரை. பருப்பு கொதிக்கும்போது நுரை பொங்குமே, அதே கதை. காற்றைப் பொடிப்பொடிக் குமிழியாக அடித்து விடுகிறது. கழிவிலுள்ள புரதம் குமிழியில் ஒட்டி மேலேறி, உச்சியிலுள்ள கோப்பைக்குள் வழிகிறது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் இந்த வித்தை சரிவராது, குமிழி பெருத்துவிடும். முதல் பத்து நாள் வெறும் வெள்ளை நுரைதான். காசு போச்சு என்றே நினைத்தேன். ஒருநாள் காலையில் கோப்பையின் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கடும் சாயத் தேத்தண்ணி! நாற்றம்தான் கருவாட்டுக் கடை. இந்த ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் பிடித்துவைக்கிற ஒட்சிசன் உங்கள் கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதற்கும் இந்தக் குமிழிகள் உதவி.

கொழும்பில் தொட்டியைக் குளிர்விக்க மெஷின் வாங்குகிறார்கள். எனக்கோ 25 பாகையில் நிறுத்த இரண்டு ஹீட்டர், சூடு போகாமல் மூன்று பக்கமும் ரெஜிபோம் அட்டை. பெரிதாக ஒன்று வாங்காமல் சின்னதாக இரண்டு வாங்கினேன். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்காதே.

தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வா, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பீப்பாய்க்குப் பதில் கொஞ்சம் கட்டாக் கருவாடு கொண்டுவா. தங்கச்சி கேட்கச் சொன்னாள். மீன்களுக்குத் தெரியாமல் குசினிக்குள் கொண்டுபோய்விடலாம்.

உன்
மச்சான்