'வெறும் வயிற்றில் வரவும்': மூன்றே சொல் போதுமா?

ஸ்கேன் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குடல் நோயாளிக்கு எம்ஆர் என்டெரோகிராபி (சிறுகுடலைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எதற்கு எழுதுகிறார்கள், அதற்கு முன் ஏன் அவ்வளவு குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்ததை நோயாளிக்கும் சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வாரம் ஒருவர் ஒன்றரை லிட்டர் கரைசலையும் குடித்து முடித்த பிறகு, "உள்ளே எமர்ஜென்சி கேஸ் போயிருக்கு, கொஞ்சம் உட்காருங்க" என்று பதில் வந்தது. அந்தக் கொஞ்சம் ஒன்றேகால் மணி நேரம். பிறகு வந்த ரிப்போர்ட்டில், சிறுகுடல் போதிய அளவு விரியவில்லை, தேவைப்பட்டால் மறுபடி எடுக்கவும் என்று ஒரு வரி. விரியாதது குடலின் குற்றம் போலிருக்கிறது.

அந்த மானிட்டால் கரைசல் வெறும் சாயம் அல்லவே. அதிகம் உறிஞ்சப்படாமல் உள்ளேயே தங்கி, சுருங்கிக் கிடக்கும் சிறுகுடலை விரித்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. விரியாத குடலின் சுவர், நோய் இல்லாவிட்டாலும் தடித்தது போலத் தெரியும். நிஜமாகவே நோய் இருந்தால் அதுவும் அந்த மடிப்புகளில் ஒளிந்துகொள்ளும். வழக்கமாக 1 லிட்டர் முதல் 1.5 லிட்டர் வரை, 45 முதல் 60 நிமிடத்துக்குள், சீராகக் குடிக்க வேண்டும். அவசரமாக ஊற்றிக்கொண்டால் வாந்தி வரும். ஆற அமர இரண்டு மணி நேரம் குடித்தால் முதல் டம்ளர் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மேல்பகுதி பழையபடி ஒட்டிக்கொள்ளும். கடைசி டம்ளரை மெஷினில் படுப்பதற்குச் சற்று முன்பு தருவதும் இதற்காகத்தான். ஆகவே முதல் டம்ளரை எப்போது தருவது என்பதை மெஷின் காலியாகும் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளி கவுன்ட்டருக்கு வந்த நேரத்தை வைத்து அல்ல.

கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதியாகும். நோய் தீவிரமாக இருப்பவருக்கு அடக்குவது சாதாரணக் காரியமில்லை. அந்த நிலையில் வராந்தாவின் கோடியில் ஒரே கழிப்பறை, அதன் சாவி அட்டெண்டரிடம், அட்டெண்டர் சாப்பிடப் போயிருக்கிறார். இதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல், பல இடங்களில் குப்புறப் படுத்தபடி, ஒவ்வொரு முறையும் 15, 20 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். படம் ஆடியிருக்கிறது என்று டெக்னீஷியன் கோபித்துக்கொள்கிறார். ஆடாமல் என்ன செய்யும்?

கேட்பது ஒன்றே ஒன்று: தேதி கொடுக்கும் அன்றே, நோயாளி படிக்கும் மொழியில், மணி குறித்த ஒரு தாள்.

அது இல்லாததால் நடப்பவற்றைப் பாருங்கள். 4 முதல் 6 மணி நேரம் திட உணவு வேண்டாம் என்பதைச் சொல்லாமல் 'வெறும் வயிறு' என்று மட்டும் சொன்னால், மாலை ஸ்கேனுக்கு முந்தைய இரவிலிருந்தே பட்டினி கிடக்கிறார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை, ஊசி போட நரம்பு கிடைப்பதில்லை. பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியோடு குழப்பிக்கொண்டு பேதி மருந்து சாப்பிட்டு வருபவர்களும் உண்டு. இன்சுலின் போடுபவர் அன்றைக்கு அளவை என்ன செய்வது என்று யாரையும் கேட்க முடியாமல் நிற்கிறார். ஃபோன் செய்தால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறீர்கள். டாக்டர் ஸ்கேன் சென்டரைக் கேளுங்கள் என்கிறார்.

இதைவிடக் கவலை தருவது, கேட்கப்படாத கேள்விகள். குடலைப் படமெடுக்க மாத்திரை வடிவக் கேப்ஸ்யூல் கேமரா விழுங்கியவருக்கு அது வெளியேறிவிட்டதா என்று உறுதியாகத் தெரியாமல் எம்ஆர்ஐ அறைக்குள் அனுப்பக் கூடாது. அது சிக்கிக்கொள்வதே குடல் சுருங்கிய நோயாளிகளிடம்தான், அதாவது உங்கள் வாசலில் நிற்பவர்களிடம். குடல் அசைவை நிறுத்த ஹையோசின் ஊசி போடுமுன் குறுகிய கோண கிளாக்கோமா (ஒருவகைக் கண் அழுத்த நோய்), இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு பற்றிக் கேட்க வேண்டும். அந்த ஊசிக்குப் பின் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாம், தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று எத்தனை பேரிடம் சொல்கிறீர்கள்? வயிறு உப்பி, வாந்தியோடு அடைப்பு அறிகுறி இருப்பவரிடம் அந்த ஒன்றரை லிட்டரை நீட்டுமுன் டாக்டரைக் கேட்டாக வேண்டும். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவருக்கு மாற்றுப் பை கொண்டு வரச் சொன்னால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

பணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் மூன்று முறை வருகிறது. ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக நீள்கிறது. உங்களைக் காப்பாற்ற அத்தனை பக்கம், எங்களுக்கு மூன்று சொல்.

கோபம் எட்டிப் பார்த்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அவசர கேஸையும் சமாளிக்கும் உங்கள் ஊழியர்களின் பாடு தெரியாமல் இல்லை. மெஷின் தாமதமானால் குடிப்பதையும் தள்ளி வையுங்கள் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மணி குறித்த தாளை அச்சடித்துக் கொடுங்கள். அதன் கடைசி வரியில் கழிப்பறை எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்பதையும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குடல் நோயாளிகளும் அவர்களோடு துணைக்கு வருபவர்களும்