கார்ட் பிரேக்கை மாற்றினால் லேப் நேரம் குறையுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பிரேக்கின் டிஸ்கையும் (ஆக்சிலோடு சுழலும் தட்டு), அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரையும் உயர்ந்த ரகத்துக்கு மாற்றினால், கார்ட் எனும் சிறிய பந்தய வண்டி ஒரு லேப்பை (தடத்தின் ஒரு முழுச் சுற்றை) வேகமாக ஓடுமா என்று உங்களில் பலர் எங்களிடம் கேட்கிறீர்கள். ஓடும் என்று சொல்லி விற்றுவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் பெரும்பாலான கார்ட்களில் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பிரேக் அல்ல, டயர்தான் என்பதால், அப்படிச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கியர் இல்லாத கார்ட்களில் வழக்கமாகப் பின் ஆக்சிலில் (பின் சக்கரங்களை இணைக்கும் தண்டில்) ஒரே ஒரு டிஸ்க்தான் இருக்கும். பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்பக்கம் சாய்வதால், பிடிப்பு மிகவும் தேவைப்படும் அந்த நொடியிலேயே பின் டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்குகின்றன. நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹைட்ராலிக் பிரேக்கே (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) அவற்றை லாக் செய்ய, அதாவது சுழலவிடாமல் நிறுத்த, போதுமானது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் இறுகப் பிணைந்திருப்பதால் சேர்ந்தே லாக் ஆகி, வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னும் வலுவான காலிப்பரைப் பொருத்தினால் இது விரைவாக நடக்குமே தவிர, நிற்கும் தூரம் குறையாது.

அப்படியானால் உயர்ந்த ரகத்தால் பயனே இல்லையா என்றால், உண்டு. லாக் ஆகும் விளிம்புவரை மிதித்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபடியே வளைவுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு, பெடல் காலுக்குத் தரும் துல்லியமான உணர்வு உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். சூடு இன்னொரு காரணம். ஓட்டுநரோடு சேர்த்து 160 கிலோ எடையுள்ள கார்ட் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 62 கிலோஜூல். வேகம் குறையும்போது அதில் பெரும்பகுதி டிஸ்கில் வெப்பமாக இறங்குகிறது. நீண்ட பந்தயத்தின் கடைசி லேப்களிலும் பெடலின் உணர்வு மாறாமல் இருக்க நல்ல டிஸ்கும், அதை அழுத்தி உரசும் பேடும் உதவும். கேபிள் பிரேக் உள்ள பழைய வண்டிக்கும், வேகம் கூடுதலான எஞ்சினுக்கு மாறுபவர்களுக்கும் மாற்றம் அவசியம் என்றே சொல்வோம். முன் சக்கரங்களிலும் பிரேக் உள்ள கியர் கார்ட்களின் கணக்கே வேறு. அங்கே முன் பின் அழுத்தத்தைச் சரியாகப் பிரிப்பதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது.

மற்றவர்கள் முதலில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, செயினைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைக் கையால் சுழற்றுங்கள். உரசும் சத்தத்தோடு சட்டென்று நின்றால், பேட் டிஸ்கைத் தொட்டுக்கொண்டே நேர்ப்பாதையில் உங்கள் வேகத்தைத் தின்கிறது என்று பொருள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரி மட்டுமே என்பதால், பழைய ஆயிலையும் மாற்றிவிடுங்கள். மினரல் ஆயில் என்ற வேறு வகை ஆயிலுக்கான காலிப்பரில் டாட் 4 ஊற்றினால் அதன் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும் என்பதையும் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மாற்ற விரும்பினால், கழற்றிய பேடையும் டிஸ்கையும் எங்களிடம் கொண்டு வாருங்கள். பேட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், காலிப்பரை நேராகப் பொருத்தித் தந்து அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் கார்ட் உதிரிபாகக் கடையினர்